கார் ஏசியில் மக்கல் வாடையா? முதலில் ஈரத்தைத் தேடுங்கள்

எங்கள் கடற்கரையில் வாடை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கும் காற்றும் வாடைதான். அந்தக் காற்று மழையோடு வந்து இரண்டு வாரம் ஆனதும், காரில் ஏறி ஏசியைப் போட்டவுடன் முகத்தில் அடிக்கிற நாற்றமும் வாடைதான். முதல் வாடை எங்கள் கண்மாய்களை நிரப்புவது, அது வரட்டும். இரண்டாவதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில், பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே போக்கிவிடலாம். முதல் கார் வாங்கியவர்களும், வேலை மாறுதலில் இந்தப் பக்கம் வந்து வண்டி வைத்திருப்பவர்களும் அடிக்கடி என்னிடம் கேட்பதால், செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை முழுவதுமாக எழுதுகிறேன்.

நான் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான மண்டபத்தில் குடியிருக்கிறேன். நான் வாங்கிய பழைய காருக்குள் முதல் நாள் மல்லிகை மணம் கமழ்ந்தது. ஒரு மாதத்தில் அந்த மணம் தீர்ந்தது. அதற்கு அடியில் இருந்தது வெளியே வந்தது. நனைந்த கோணிச்சாக்கைக் காயவைக்காமல் மூலையில் சுருட்டிப் போட்டால் வருமே, அந்த வாடை. வாசனைக் குப்பி மாட்டினேன்; இரண்டும் கலந்து தலைவலி வந்ததுதான் மிச்சம். ஒரு பட்டறையில் கேஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லி நிரப்பிக் கொடுத்தார்கள். குளிர்ச்சி கூடியது, வாடை அப்படியே இருந்தது. கடைசியில் கீழக்கரையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அண்ணன் என்ற பொருளில் ஊரே அவரைக் காக்கா என்றுதான் அழைக்கிறது. அவர் வண்டிக்குள் ஏறி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பி, ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா?" என்று மட்டும் கேட்டார். அதுவரை நான் குனிந்து பார்த்ததே இல்லை.

அவர் கேட்டதில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. ஐஸ் தண்ணீரை வெண்கலச் சொம்பில் ஊற்றி வைத்தால் வெளிப்புறம் வியர்க்கும் அல்லவா? டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலிலும் அதுவே நடக்கிறது. எவாப்பரேட்டர் என்பதும் அதைத்தான். மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட அதன்மேல் நம் ஊர்க் காற்று படும்போது, அதிலுள்ள ஈரம் நீராகித் தகடுகளில் வழிகிறது. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் எளிதில் சேர்ந்துவிடும். அது அடித்தட்டில் விழுந்து, ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாகத் தரையில் சொட்ட வேண்டும். வண்டியை நிறுத்திய பிறகும் தகடுகள் ஈரமாகவே இருக்கும். வெளிச்சம் இல்லை, காற்றோட்டம் இல்லை, ஒட்டிய தூசியும் இலைத்தூளும் இருக்கின்றன. பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர வேறென்ன வேண்டும்? மறுநாள் காலை, காற்றை உள்ளே தள்ளும் விசிறியான புளோயர் சுழன்றதும் அந்த நாற்றம்தான் நம்மீது வீசுகிறது.

கேஸுக்கும் இந்த வாடைக்கும் தொடர்பே இல்லை. பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ வாயு மூடிய குழாய்களுக்குள் சுற்றுவது. நாம் சுவாசிக்கும் காற்றோடு கலப்பதில்லை. குளிர்ச்சி சரியாக இருக்கும்போது வாடைக்காகக் கேஸ் நிரப்பச் சொன்னால் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

முகர்ந்து பிரித்தறிதல்

எந்தப் பொருளும் வாங்குவதற்கு முன் ஒரு காலைப் பொழுதை இதற்குச் செலவிடுங்கள். இரவு முழுவதும் மூடிக் கிடந்த காரின் கதவைத் திறந்து, எதையும் இயக்காமல் குனிந்து முன் இருக்கைகளின் கால்வைக்கும் இடத்தை முகர்ந்து பாருங்கள். மேட்டை எடுத்துவிட்டு அடியிலுள்ள கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். டிக்கியைத் திறந்து உதிரி டயர் இருக்கும் குழியையும் பாருங்கள். பிறகு ஏசி இல்லாமல் புளோயரை மட்டும் போடுங்கள். கடைசியாக ஏசியைப் போடுங்கள்.

புளோயர் சுழன்ற முதல் அரை நிமிடம் வாடை பலமாக அடித்து, பிறகு மெல்ல அடங்கினால் காயிலில் பூஞ்சை. ஏசி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவில் இருந்தால் கார்பெட்டோ இருக்கையோ ஈரமாக இருக்கிறது. இடது முன்பக்கக் கார்பெட் மட்டும் நனைந்து, வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. அழுகிய இறைச்சி வாடை என்றால் எலியோ பல்லியோ உள்ளே செத்துக் கிடக்கலாம். அதை எடுக்காமல் வேறு எது செய்தும் பயனில்லை.

மூன்று வாடைகளுக்கு வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. இனிப்பான பாகு வாடையோடு கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிகிறது. பிளாஸ்டிக் கருகும் வாடை மின்கோளாறு. பெட்ரோல் அல்லது புகை வாடை உள்ளே வந்தால் கண்ணாடிகளை இறக்கி, வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

சொட்டுகிறதா என்று பாருங்கள்

சமதளமான, காய்ந்த சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, ஏசியை முழுக் குளிர்ச்சியில் வைத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். வண்டியின் முன்பாதியில், பெரும்பாலும் இடது பக்க இருக்கைக்கு நேர் கீழே, தரை நனைந்திருக்க வேண்டும். இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சொட்டும் விழவில்லை என்றால் அடைப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு வடிகுழாயின் வாயைத் தேடுங்கள். சில வண்டிகளில் பானெட்டைத் திறந்தாலே பின்சுவரில் தெரியும்; சிலவற்றில் கீழே போய்த்தான் பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். பக்கத்துப் பட்டறையின் லிஃப்டில் ஏற்றினால் பத்து நிமிட வேலை. மீன் தொட்டிக்குப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மெதுவாக உள்ளே செலுத்தி அசைத்தால் போதும். சேறும் குளவிக் கூட்டின் மண்ணும் வெளியே வரும், பிறகு தேங்கிய தண்ணீர் கொட்டும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். கம்பியை விட்டுக் குத்தக் கூடாது. காயிலில் ஓட்டை விழுந்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

என் வண்டியில் அடைப்பை எடுத்தபோது ஒரு வாளி அளவுக்குத் தண்ணீர் வந்தது என்று சொன்னால் மிகை. ஆனால் மூன்று டம்ளருக்குக் குறையவில்லை. அவ்வளவும் அதுவரை என் மனைவியின் காலடியில் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது.

உப்பு ஏறிய கார்பெட்

வெளியூர் வழிகாட்டிகள் கார்பெட்டைக் காயவைக்கச் சொல்வதோடு நிறுத்திவிடுகின்றன. இங்கே அது போதாது. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் ஆடியபின் மாற்றிய ஈரத்துணி மூட்டையாக டிக்கியில் ஏறுகிறது. அரிச்சல்முனையில் முழங்கால் அளவு அலையில் நின்ற பிள்ளைகள் ஈர மணலோடு ஏறுகிறார்கள். கடல்நீர் காய்ந்தாலும் உப்பு நூலிழைகளில் தங்கிவிடும். கடலுப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலிருக்கும் கல்லுப்பு ஜாடியில் நீர் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்புதான் கார்பெட்டிலும். மதியம் காய்ந்து மொரமொரப்பாக இருக்கும், இரவில் மறுபடி நசநசத்துவிடும். எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் இந்தச் சுற்று ஓயாது.

ஆகவே காயவைப்பதற்கு முன் நல்ல தண்ணீரால் அலச வேண்டும். நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் பல வீடுகளின் போர் தண்ணீர் உவர்ப்பு. அதை ஊற்றினால் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுவதாகும். காவிரிக் குடிநீரோ பிடித்துவைத்த மழைநீரோ அரைக் குடம் எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரை இதற்குச் செலவிடுவது இந்த மண்ணில் மனதுக்கு உறுத்தும். அதனால்தான் குடம் குடமாகக் கொட்டாமல், துணியால் ஒற்றி எடுக்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் மணலைக் காய்ந்த நிலையில் தூரிகையால் தட்டி வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிடுங்கள். ஈரமாக்கிய பிறகு மணல் போகாது. பின்னர் பழைய பருத்தி வேட்டித் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து, கார்பெட்டின் மீது வைத்து அழுத்தி, பிழிந்து, மறுபடி அழுத்துங்கள். நான்கைந்து முறை செய்தால் உப்பின் பெரும்பகுதி துணிக்கு வந்துவிடும். கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, அடியிலுள்ள பஞ்சு மெத்தை ஊறியிருந்தால் அதையும் ஒற்றி எடுங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது அதைத்தான். மேலே காய்ந்து அடியில் ஊறிக் கிடந்தால் தகரமும் துருப்பிடிக்கும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் இணைப்புகள் இருந்தால் அவை காற்றுப்பைக்கு உரியவை. அவற்றைத் தொடவோ நனைக்கவோ கூடாது.

பிறகு நான்கு கதவுகளையும் திறந்து வெயிலில் நிறுத்துங்கள். கார்பெட்டின் ஓரத்துக்கு அடியில் இரண்டு கட்டைகளை வைத்துக் காற்றுப் போக இடம்விட்டு, வீட்டு மேசை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிடுங்கள். ஒரு நாளில் காய்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு இரண்டு நாள் ஆனது. முழுக்கக் காய்ந்த பிறகு சமையல் சோடாவைத் தூவி இரவு முழுவதும் விட்டு, காலையில் உறிஞ்சி எடுங்கள்.

மீன் வாடைக்கு மட்டும் சோடா சரிவராது. பாம்பனிலோ தொண்டியிலோ மீன் வாங்கி வரும்போது ஐஸ் உருகிய தண்ணீர் டிக்கியில் கசிந்திருந்தால் புளிப்பான பொருள்தான் வேலை செய்யும். கவிச்சி வாடையைத் தரும் பொருள் காரத்தன்மை உடையது, புளிப்பு அதை அடக்கும். நம் வீடுகளில் மீனைப் புளித் தண்ணீரில் அலசுவதும், கைக்கு எலுமிச்சை தேய்ப்பதும் இதனால்தான். வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, மேற்சொன்னபடியே ஒற்றி எடுங்கள். புளியைக் காரில் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், கறை போகாது. இனிமேல் மீனுக்கும் கருவாட்டுக்கும் இறுக்கமான மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியை டிக்கியிலேயே வைத்துவிடுங்கள்.

ஃபில்டரும் கருவேல இலையும்

குளோவ் பாக்ஸைக் காலி செய்து இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்தினால் பல வண்டிகளில் அது கீழே மடங்கிவிடும். பின்னால் நீள்சதுர மூடி, அதற்குள் காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர். இழுப்பதற்கு முன் அதன் ஓரத்தில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள்; புதியதும் அப்படியே இருக்க வேண்டும். சில பழைய மாடல்களில் ஃபில்டரே இருக்காது, வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

கறுத்து, ஈரமேறிய ஃபில்டரைத் தட்டியோ கழுவியோ மறுபடி போடுவது வீண். கடைக்குப் பழையதை எடுத்துப் போனால் அளவு தவறாது. 10,000 முதல் 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான கணக்கு. மணற்காற்றில் ஓடும் நம் வண்டிகளுக்கு அதைவிட முன்னதாகவே பார்த்துவிடுவது நல்லது. கரி ஏற்றிய ஃபில்டர் சற்று விலை கூடுதல். வாடையை ஓரளவு உறிஞ்சுவதால் அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம். ஆனால் புதியதை உடனே மாட்டிவிட வேண்டாம். காயிலைச் சுத்தம் செய்த பிறகுதான் அதற்கு இடம்.

ஃபில்டர் இருந்த துவாரத்தில் கைபேசி விளக்கைக் காட்டிப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் அங்கே பெரும்பாலும் கிடப்பது சீமைக்கருவேலத்தின் சிற்றிலைகள். வேப்பிலையாவது கம்பி வலையில் நிற்கும். கருவேல இலை எள்ளைப்போல எங்கும் நுழைந்து, ஈரத்தில் ஊறி, காயிலின் முகப்பில் பசையாக ஒட்டிக்கொள்ளும். கைக்கு எட்டுவதை எடுத்து, மீதியை உறிஞ்சிவிடுங்கள். அவை வந்த வழி முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியிலுள்ள கறுப்புச் சல்லடை. பானெட்டைத் திறந்து அங்கே சேர்ந்த சருகையும் அள்ளுங்கள். வாரம் ஒரு முறை அந்தச் சல்லடையைக் கையால் துழாவிவிட்டால் உள்ளே போவது பாதியாகக் குறையும். கருவேல மரத்தடியில் நிழலுக்காக வண்டியை நிறுத்துவதை நான் விட்டுவிட்டேன்.

சூடும் நுரையும்

வாடை லேசாக இருந்தால் சூடான காற்றே போதும். திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை நிறுத்தி, வெப்பக் குமிழைச் சிவப்புப் பக்கம் முழுவதும் திருப்பி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் பொத்தானை அழுத்தி, புளோயரை உச்சத்தில் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். கண்ணாடிகள் எல்லாம் இறங்கியிருக்க வேண்டும். நீங்கள் வெளியே நில்லுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யவே கூடாது. நம் ஊரில் ஹீட்டரை யாரும் பயன்படுத்துவதில்லை என்பதால் சில வண்டிகளில் அந்தக் குழாயை அடைத்துவைத்திருப்பார்கள். அப்படியானால் மதிய வெயிலில் வெறும் புளோயரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

அதற்கும் போகாவிட்டால் கார் காயிலுக்கென்றே விற்கும் நுரை கிளீனர் வாங்குங்கள். நீண்ட மெல்லிய குழாய் இணைந்த டப்பாவாக இருக்க வேண்டும். டேஷ்போர்டின் காற்றுத் துளைகளில் வாசனை ஸ்பிரே அடித்தால் அது காயிலைச் சென்று சேராது. எஞ்சினையும் சாவியையும் அணைத்துவிட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, வடிகுழாய் வழியாகவோ ஃபில்டர் துவாரத்திலிருந்து காயில் தெரியும் இடத்திலோ குழாயைச் செலுத்துங்கள். புளோயர் மோட்டார் மீதும் ஒயர்கள் மீதும் நுரை படக் கூடாது. உங்கள் வண்டியில் எது எங்கே என்று தெரியவில்லை என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த முறை உங்களுக்கே கைவரும். டப்பாவில் எழுதிய நேரம்வரை காத்திருந்தால் நுரை நீராகி அழுக்கோடு கீழே வடியும். என் வண்டியில் முதலில் வடிந்தது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. நிறம் தெளியும்வரை இரண்டாவது முறையும் அடித்தேன். பிறகு கண்ணாடிகளைத் திறந்து புளோயரை மெதுவான வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டி, மேலே சொன்ன சூட்டுக் காற்றால் உலர்த்தி, அதன் பிறகே புதிய ஃபில்டரை மாட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களையும் குழந்தைகளையும் அன்று ஏற்ற வேண்டாம்.

பிளீச்சிங் பவுடர், பினாயில், ஆசிட் எதையும் காயிலுக்குக் காட்டாதீர்கள். கடற்காற்றின் உப்பே அலுமினியத்தை அரித்துக்கொண்டிருக்கும்போது நாமும் சேர்ந்து அரிக்க வேண்டாம். அந்துருண்டையைக் காருக்குள் போடும் பழக்கத்தைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். மூடிய இடத்தில் நாப்தலின் ஆவி உடம்புக்குக் கெடுதல், கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. சாம்பிராணிப் புகையும் ஈரத் தகடுகளில் பிசினாக ஒட்டும். ஏதாவது வைத்தே ஆக வேண்டும் என்றால், ஒரு பனையோலைக் கொட்டானில் அடுப்புக்கரித் துண்டுகளைப் போட்டு இருக்கைக்கு அடியில் வையுங்கள். கமுதி, சாயல்குடி பக்கம் கருவேல விறகில் மூட்டம் போட்டு எடுக்கும் கரி நமக்கு எளிதாகக் கிடைக்கும். மீதமிருக்கும் வாடையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், புதிதாக எதையும் சேர்க்காது.

இவ்வளவும் செய்து ஒரு வாரத்தில் மறுபடி வாடை வந்தால் காயில் ஆழம்வரை அடைத்திருக்கிறது, அல்லது மழைநீர் கதவு ரப்பர் வழியாக எங்கோ உள்ளே வருகிறது. மழை பெய்யும்போது காருக்குள் அமர்ந்து விளக்கடித்துப் பார்த்தால் இரண்டாவதைக் கண்டுபிடிக்கலாம். முதலாவதற்கு டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும். கழற்றச் சம்மதிக்கும் முன், சிறு கேமராவை உள்ளே விட்டுக் காயிலைக் காட்டும்படி கேளுங்கள். தகடுகள் அரித்து எண்ணெய்க் கசிவு தெரிந்தால் கழுவி மாட்டாமல் புதியதே போட்டுவிடுங்கள். அந்தக் கழற்றும் கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டியிருக்காது.

வாடை திரும்பாமல் இருக்க

இராமநாதபுரத்திலிருந்து வீடு திரும்பும்போது வேதாளை தாண்டியதும் ஏசியை நிறுத்திவிடுவேன். புளோயர் மட்டும் வெளிக்காற்றில் ஓடும். மண்டபம் சேர்வதற்குள் ஐந்து நிமிடக் காற்றில் காயில் பெரும்பாலும் உலர்ந்துவிடும். முதல் சில நாட்கள் வீட்டில் எல்லோரும் புழுக்கம் என்று முறையிட்டார்கள். இப்போது என் மகளே நினைவுபடுத்துகிறாள், "அப்பா, வேதாளை வந்துவிட்டது." உங்கள் வீட்டுக்கு ஐந்து நிமிடத் தொலைவில் ஒரு கோயிலோ பள்ளிவாசலோ பெட்ரோல் பங்கோ இருக்கும், அதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடி சாலையில் மணல் பறக்கும்போதும், மீன் லாரிக்குப் பின்னால் போகும்போதும், வெளிக்காற்று வராமல் உள்காற்றே சுற்றும்படி பொத்தானை மாற்றி வையுங்கள். மற்ற நேரத்தில் அதிலேயே விட்டுவிட வேண்டாம். நெடுநேரம் உள்காற்றே சுற்றினால் தூக்கம் வரும். ஈரத்துணி இரவில் வண்டியில் தங்கக் கூடாது. தீர்த்தமாட வருகிற உறவினர்களுக்காக நான்கு பழைய துண்டுகளும் ஒரு ரெக்சின் விரிப்பும் டிக்கியில் இருக்கட்டும்.

ஃபில்டர் மாற்றுவதையும் வடிகுழாய் பார்ப்பதையும் புரட்டாசியில், மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். மழை ஓய்ந்து தையில் வெயில் ஏறியதும் ஒரு நாள் மேட்டுகளை எல்லாம் எடுத்துக் கொடியில் போட்டு, கதவுகளைத் திறந்துவைத்து, கார்பெட்டின் நான்கு மூலைகளையும் மறுபடி உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள்.